மதுரைப் புதர்க்காட்டின் கதிர்க்குருவிகள்: இனம் காணவும் கூட்டைக் கலைக்காமல் பார்க்கவும் ஒரு வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள நிலத்தில் ஒரு பெரும்பகுதியை நாம் தரிசு என்றும் பொட்டல் என்றும் புறம்போக்கு என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நாகமலையின் அடிவாரத்திலும், மேலூர்ப் பக்கத்துப் பாறைக் குன்றுகளைச் சுற்றியும், கண்மாய்களின் உள்வாயிலும், மானாவாரி நிலங்களின் வரப்போரங்களிலும் ஆவாரம், இலந்தை, சூரை, சங்கஞ்செடி, விராலி, எருக்கு, உடைமரம் ஆகியவை இடைவெளி விட்டு வளர்ந்திருக்க, அவற்றுக்கிடையே மழைக்குப் பின் புல் எழும் இந்த நிலம்தான் கதிர்க்குருவிகளின் வாழிடம். வாலையும் சேர்த்து அளந்தாலும் பதினொன்று முதல் பதினைந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்தப் பறவைகள் புழு பூச்சிகளைத் தின்று, புல்லையும் இலையையும் சிலந்தி நூலையும் கொண்டு கூடு கட்டி, ஆண்டு முழுவதும் நம்முடனேயே இருக்கின்றன. வலசை வரும் பறவைகளைப் பார்க்கக் கண்மாய்க் கரைக்குச் செல்பவர்கள் பலர், கரைச் சரிவின் புதரிலிருந்தே கேட்கும் இவற்றின் குரலைக் கவனிப்பதில்லை. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது எப்படி, கூடு கட்டும் காலத்தில் அவற்றுக்குத் தீங்கு நேராமல் பார்ப்பது எப்படி, நிலம் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

எப்போது, எங்கே போவது

கதிர்க்குருவிகளைப் பார்க்க மாதத்தைக் கணக்கிடுவதைவிட மழையைக் கணக்கிடுவதே நல்லது. நம் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் முதன்மையானது. அதற்கு முன் ஆவணி, புரட்டாசியில் சில மாலைகளில் இடியுடன் மழை பெய்யும். சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைக்கும் ஆண்டுகளும் உண்டு. மழை பெய்து இரண்டு மூன்று வாரங்களில் புல் முழங்கால் உயரம் வரும்போது பூச்சிகள் பெருகுகின்றன. ஆண் பறவைகள் புதர் உச்சியில் ஏறிப் பாடத் தொடங்குகின்றன. தெற்கே கதிர்க்குருவிகள் ஒரே ஒரு பருவத்தில் மட்டும் கூடு கட்டுவதில்லை என்பதால், நல்ல மழை பெய்த எந்த மாதத்திலும் இவற்றைத் தேடிப் போகலாம். ஆயினும் முதன்முதலாகப் பழகுபவருக்கு மார்கழியும் தையும் ஏற்ற மாதங்கள். காலை வெயில் பொறுக்கும்படி இருக்கும். புல் இன்னும் காய்ந்திருக்காது.

நாளில் சிறந்த நேரம் சூரியன் எழுந்ததிலிருந்து இரண்டு மணி நேரம். அதன்பின் பறவைகள் புதரின் உள்ளே இறங்கிவிடும், குரலும் குறையும். மாலை நான்கரைக்கு மேல் மீண்டும் சிறிது நேரம் பாடும். பங்குனி, சித்திரை வெயிலில் பகல் பத்து மணிக்கு மேல் புதர்க்காட்டில் நடப்பதால் பயன் ஏதுமில்லை, உடம்புக்கும் ஆகாது.

இடம் என்று பார்த்தால், மேலூருக்கு அருகில் உள்ள அரிட்டாபட்டியை முதலில் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பகுதி, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலும் பரவியுள்ளது. லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளுக்காகவே இது பேசப்படுகிறது. ஆனால் குன்றுகளுக்கும் ஊருணிகளுக்கும் இடையில் உள்ள புதர்நிலம் கதிர்க்குருவிகளுக்கு மிகவும் ஏற்றது. கீழக்குயில்குடியில் சமணர்மலையைச் சுற்றிய நிலமும், நாகமலையின் இரு சரிவுகளும், யானைமலையின் பின்புறமும் இதே தன்மையுடையவை. நாணலும் சம்பையும் மண்டிய ஈரமான புல்வெளியைப் பார்க்க விரும்பினால் மதுரைக்குத் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாயைப் போன்ற கண்மாய்களின் ஓரத்துக்குச் செல்ல வேண்டும். இவை எவையும் வாய்க்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாயில் மிகை நீர் வழிந்தோடும் கலுங்குக்குக் கீழே உள்ள ஓடையோரப் புதரே போதும்; சாம்பல் கதிர்க்குருவி ஒன்றாவது அங்கே இருக்கும்.

எட்டு மடங்கு பெருக்கும் இருநோக்கி ஒன்று, குறிப்பேடு, தண்ணீர், முள் ஏறாத தடித்த அடியுள்ள காலணி ஆகியவை போதும். இருநோக்கி வாங்குபவர்கள், பக்கத்தில் உள்ள பொருளையும் அது தெளிவாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். இந்தப் பறவைகள் சில நேரம் ஐந்தடி தூரத்தில் உள்ள செடியில் வந்து உட்காரும். வெளிர் நிற, பளபளக்கும் உடைகளைத் தவிர்த்து மண் நிறத்தில் உடுத்துவது நல்லது.

இனம் காணும் முறை

நிறத்தை மட்டும் நம்பி இவற்றைப் பிரிக்க முயல்பவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். எல்லாமே பழுப்பும் சாம்பலுமாக இருக்கும். ஒளி மாறினால் நிறமும் மாறித் தெரியும். ஆகவே என் பரிந்துரை இதுதான்: முதலில் குரல், அடுத்து பறவை இருக்கும் இடம், அதன்பின் வாலின் நீளமும் நுனியும், கடைசியாகவே நிறம். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால், கண்ணில் படாத பறவையைக்கூட இன்னதென்று சொல்லும் நிலை சில மாதங்களில் வந்துவிடும்.

எல்லாருக்கும் முதலில் அறிமுகமாக வேண்டியது சாம்பல் கதிர்க்குருவி. வயல், தோட்டம், வீட்டுக் கொல்லை, புதர் என்று எங்கும் இருப்பது இதுதான். முதுகு கருஞ்சாம்பல் நிறம், வயிற்றுப் பகுதி மங்கிய செம்பழுப்பு, கண் சிவப்பு. நீண்ட வாலை அடிக்கடி நிமிர்த்தும். வால் இறகுகளின் நுனிக்குச் சற்று முன் கரும்புள்ளியும் நுனியில் வெள்ளையும் இருக்கும். கூடு கட்டும் காலத்தில் அலகு நல்ல கறுப்பாகிவிடும். ஆனால் இவற்றை எல்லாம் விட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. செடியிலிருந்து திடுமென எழுந்து பறக்கும்போது இது சட்-சட்-சட் என்று வறண்ட ஒலி ஒன்றை எழுப்பும். மின்கம்பியில் பொறி தெறிப்பதைப் போன்ற அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் மறுமுறை திரும்பிப் பார்க்காமலேயே பறவையின் பெயரைச் சொல்லிவிடலாம். பாட்டு உரத்தது, ‘ச்சிவீ-ச்சிவீ-ச்சிவீ’ என்று ஒரே சொல்லை விரைந்து திருப்பித் திருப்பிச் சொல்லும். மிரண்டால் மூக்கால் அழுவதைப் போல ‘டீ... டீ...’ என்று இழுக்கும். இந்த இழுப்பொலி கேட்டால் நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்று கொள்ள வேண்டும்.

சாதாக் கதிர்க்குருவி ஈரமான புல்வெளியையும் வயலையும் விரும்புவது. நெல், கம்பு, சோளம், கரும்பு ஆகிய பயிர்களிலும் கண்மாய் ஓரத்துச் சம்பையிலும் இதைத் தேட வேண்டும். முதுகு மண் பழுப்பு, அடிப்பகுதி வெளிறிய சந்தன நிறம், கண்ணுக்கு மேல் சிறிய வெளிர் புருவம். வால் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்டு, பறக்கும்போது தளர்ந்து ஆடும்; கூடு கட்டாத காலத்தில் அது இன்னும் நீளும். இதன் பாட்டைப் பூச்சியின் ஒலி என்று எண்ணிக் கடந்தவர்கள் ஏராளம். ‘ட்லிக்-ட்லிக்-ட்லிக்’ என்று ஏற்ற இறக்கமின்றி நீண்ட நேரம் ஒலிக்கும் அதைக் கேட்டால், கதிர் ஒன்றின் மேல் வால் ஆட உட்கார்ந்திருக்கும் பறவையைத் தேடுங்கள்.

காட்டுக் கதிர்க்குருவியை நான் மிகவும் விரும்புகிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அடர்ந்த காட்டில் இதைத் தேட வேண்டியதில்லை. பாறையும் முள்ளும் கலந்த வறண்ட புதர்நிலமே இதன் இடம். சாதாக் கதிர்க்குருவியின் நிறமே இதற்கும். ஆனால் உடல் பெரிது, அலகு தடித்தது, வாலின் ஓர இறகுகளில் வெள்ளை தெளிவாகத் தெரியும். இரண்டையும் பிரிக்க நிறத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், குரலைக் கேளுங்கள். ‘பிட்-ப்ரிட்டீ, பிட்-ப்ரிட்டீ’ என்று ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, அந்தச் சிறிய உடலிலிருந்தா வருகிறது என்று வியக்கும்படி உரக்கப் பாடும். அரிட்டாபட்டியிலும் நாகமலையிலும் உடைமரத்தின் உச்சிக் கிளையைக் காலை நேரத்தில் பார்த்துக்கொண்டே நடந்தால் இது கண்ணில் படும்.

சாம்பல் மார்புக் கதிர்க்குருவி இவற்றுள் மிகச் சிறியது. தொண்டையும் வயிறும் வெண்மையாக இருக்க, மார்பின் குறுக்கே சாம்பல் பட்டை ஒன்று கூடு கட்டும் காலத்தில் மட்டும் தெளிவாக இருக்கும். மற்ற மாதங்களில் அது மங்கிவிடும். தனித்தோ இணையாகவோ அன்றிச் சிறு கூட்டமாகப் புதருக்குப் புதர் தாவிச் செல்வது இதன் வழக்கம். மரஞ்செறிந்த சரிவுகளான அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களில் இதைக் காணும் வாய்ப்பு அதிகம்.

விசிறிவால் கதிர்க்குருவி இதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறு பேரினம். முதுகில் கருங்கோடுகள், குட்டையான வால், விரிக்கும்போது அதன் நுனியில் வெண்மை. புல்லுக்குள் மறைந்தே திரியும் இந்தப் பறவை மழைக்காலத்தில் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆண் பறவை புல்லிலிருந்து எழுந்து, வானில் ஏறி இறங்கி அலைபோலப் பறந்தபடி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ‘சிட்’ என்று ஒருமுறை ஒலிக்கும். அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு புள்ளி வளைந்து வளைந்து சுற்றுவது தெரியும். சற்று நேரத்தில் கல் விழுவது போல நேராகப் புல்லில் இறங்கிவிடும். அது இறங்கிய இடத்தில்தான் கூடு இருக்கும் என்று எண்ணிப் புல்லை விலக்கிக்கொண்டு போவது பெரும் தவறு. ஓர் ஆண் பல இடங்களில் கூட்டுக்கு அடிப்போடும் இனம் இது. உங்கள் கால்களுக்குக் கீழே வேறொரு கூடு இருக்கலாம்.

தையல்சிட்டையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் கதிர்க்குருவிக் குடும்பமே. செம்பழுப்பு உச்சந்தலை, பசுமஞ்சள் முதுகு, எப்போதும் நிமிர்ந்து நிற்கும் வால், ‘டுவிட்-டுவிட்’ என்ற ஓயாத குரல் ஆகியவற்றால் எளிதில் அறியலாம். புதர்நிலத்தை விட வீட்டுத் தோட்டமே இதற்கு உவப்பானது.

கூடு யாருடையது

புதர்நிலத்தில் காணும் கூடுகள் எல்லாம் கதிர்க்குருவியுடையவை அல்ல. முள்மரத்தில் வைக்கோலும் காய்ந்த புல்லுமாகப் பெரிய பந்து போல் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் அது சில்லையின் கூடு. பனையிலும் கிணற்றின் மேல் சாய்ந்த மரத்திலும் குடுவையாகத் தொங்குவது தூக்கணாங்குருவியினுடையது என்பதை எல்லாரும் அறிவர். மெல்லிய கிளை நுனியில் சருகும் பட்டைத் துணுக்குகளும் சிலந்தி நூலால் ஒட்டப்பட்டு, குப்பை சிக்கியதைப் போலத் தொங்கினால் அது தேன்சிட்டின் கூடு.

கதிர்க்குருவியின் கூடு பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்குக் கீழே, இலைகளுக்குள் மறைந்தே இருக்கும். சாதாக் கதிர்க்குருவி நீண்ட புல்லிழைகளை மெலிதாகக் கிழித்துக் கொண்டுவந்து, பக்கவாட்டில் மேல்புறம் வாயில் உள்ள நீள்வட்டப் பையாக நெய்யும்; இரண்டு மூன்று தாள்களையோ தண்டுகளையோ தாங்கலாகக் கொள்ளும். காட்டுக் கதிர்க்குருவி முட்புதரின் அடியில் புல்லால் மூடிய உருண்டைக் கூடு கட்டும். விசிறிவால் கதிர்க்குருவி உயிருள்ள புற்களையே சிலந்தி நூலால் ஒன்றாக இழுத்துக் கட்டி, அவற்றுக்குள் மென்மையான பை ஒன்றை அமைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புல்தூருக்கும் கூட்டுக்கும் வேறுபாடு தெரியாது.

சாம்பல் கதிர்க்குருவியும் தையல்சிட்டும் இலையைத் தைக்கும். தையல்சிட்டு தைப்பதைச் சற்றுத் தொலைவிலிருந்து இருநோக்கி வழியாகப் பார்க்கக் கிடைத்தால் விடாமல் பாருங்கள். பெட்டைதான் இந்த வேலையைச் செய்யும். அகன்ற இலை ஒன்றைத் தேர்ந்து, அதன் ஓரத்தில் தன் கூரிய அலகால் மிகச் சிறிய துளையிடும். துளை பெரிதானால் இலை கிழியும், ஓரம் காய்ந்து பழுக்கும். ஆகவே நூல் நுழையும் அளவுக்கே குத்தும். பின் பஞ்சிழையோ சிலந்திக்கூட்டின் நூலோ கொண்டுவந்து ஒரு பக்கத்திலிருந்து உள்ளே செருகி, மறுபக்கம் சென்று இழுக்கும். நாம் ஊசியால் ஓடவிடுவதைப் போல ஒரே நூல் நெடுகச் செல்வதில்லை. ஒவ்வொரு தையலும் தனித்தனி இழை. துளையின் வெளிப்புறத்தில் பஞ்சு விரிந்து நிற்பதால் இழை உருவிக்கொள்வதில்லை, அதுவே முடிச்சாகிவிடுகிறது. இப்படி ஓரங்கள் சேர்ந்து இலை குழலானதும், உள்ளே பஞ்சும் மெல்லிய புல்லும் இட்டு மெத்தை அமைக்கும். இலை செடியிலேயே பச்சையாக இருப்பதால் கூட்டை வேறு எதுவும் எளிதில் கண்டுகொள்ள முடியாது. எருக்கம் பஞ்சும் இலவம் பஞ்சும் பறக்கும் காலத்தில் புதரருகே பறவை வாயில் வெண்பஞ்சோடு பறந்தால், அங்கே தையல் நடக்கிறது என்று பொருள்.

முட்டைகளின் நிறம் இனத்துக்கு இனம் மாறும். சாம்பல் கதிர்க்குருவியின் முட்டை பளபளக்கும் செங்கல் நிறம். சாதாக் கதிர்க்குருவியின் முட்டை நீலப்பச்சையில் செம்பழுப்புத் திட்டுகள் உடையது. இதைப் படித்தறிவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முட்டையை நேரில் பார்ப்பதற்காகக் கூட்டைத் திறப்பதும் இலையை விலக்குவதும் கூடாது. பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கூறும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகின்றன.

தொந்தரவின்றிக் கூட்டைப் பார்ப்பது

கூட்டைத் தேடிப் புதருக்குள் நுழைய வேண்டாம். பறவையே கூடு இருக்கும் இடத்தைக் காட்டும். பறவை பாடும் புதருக்குப் பதினைந்து இருபது மீட்டர் தள்ளி, ஒரு மரநிழலிலோ பாறை ஓரத்திலோ அசையாமல் உட்காருங்கள். முதல் கால் மணி நேரம் பறவை உங்களைப் பார்த்து ஒலித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு பழகித் தன் வேலையைத் தொடரும். அப்போது அதன் வாயைக் கவனிக்க வேண்டும். புல்லிழையோ பஞ்சோ இருந்தால் கட்டுமானம் நடக்கிறது. பச்சைப் புழுவோ வெட்டுக்கிளியோ இருந்து, அதைத் தின்னாமல் சுமந்துகொண்டே கிளைக்குக் கிளை தாவினால் குஞ்சு இருக்கிறது. வெண்ணிறச் சிறு பை ஒன்றை வாயில் எடுத்துக்கொண்டு வெளியே பறந்தால் அது குஞ்சின் எச்சம். கூட்டைத் தூய்மையாக வைக்கத் தாய் தந்தை இரண்டுமே இதைச் செய்யும். வாயில் எதுவும் இல்லாமல் நீண்ட நேரத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு பறவை வந்து உள்ளே மறைய, மற்றொன்று வெளியேறினால் அடைகாப்பு நடக்கிறது என்று ஊகிக்கலாம். சாம்பல் கதிர்க்குருவியின் முட்டை பொரியச் சுமார் பன்னிரண்டு நாட்கள் ஆகும்.

இரை வாயில் இருந்தும் பறவை கூட்டுக்குப் போகாமல் கிளையில் நின்று உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் அதன் வழியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உடனே எழுந்து இன்னும் பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் அன்றைக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். நம் வெயிலில் குஞ்சு இரையின்றி இருக்கும் அரை மணி நேரம் சிறியதன்று. கட்டுமானத் தொடக்கத்தில் தொந்தரவு செய்தால் பறவை அந்த இடத்தையே கைவிடவும் கூடும். கைவிட்ட கூட்டின் பஞ்சையும் புல்லையும் எடுத்துச் சென்று வேறிடத்தில் புதிதாகக் கட்டுவதும் உண்டு. ஆயினும் இழந்த நாட்களை அது திரும்பப் பெற முடியாது.

கூட்டுக்கு நேராக நடந்து சென்று பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புவது மிகக் கெட்ட பழக்கம். மிதிபட்ட புல் ஒரு தடமாகி, கீரிக்கும் பூனைக்கும் கூட்டின் வாசல் வரை வழிகாட்டும். மேலே மரத்தில் காகமும் புதருக்குள் செம்போத்தும் மனிதர் நின்று குனிந்த இடத்தைக் கவனிக்கும். செம்போத்து கூடுகளைச் சூறையாடுவதில் கைதேர்ந்தது. தற்செயலாக ஒரு கூட்டின் அருகில் வந்துவிட்டால், நிற்காமல், திரும்பாமல், அதே வேகத்தில் கடந்து போய்விடுங்கள். இலையையும் கிளையையும் விலக்கிப் படம் எடுப்பவர்கள், மறைவைத் திறந்து வெயிலையும் பகையையும் உள்ளே விடுகிறார்கள். கூட்டின் படத்தை, அதிலும் குஞ்சு உள்ள கூட்டின் படத்தை எடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புதர் உச்சியில் பாடும் பறவை எத்தனை அழகான படமாகும் என்பதை எடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து வரவழைக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. கூடு கட்டும் காலத்தில் இதை அறவே தவிர்க்க வேண்டும். பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் வீட்டில் இருந்து கேட்டுப் பழகிக்கொண்டு களத்துக்குச் செல்லலாம்.

ஒரு கூட்டில் பெற்றோரை விடப் பெரிய, வாய் பிளந்த ஒற்றைக் குஞ்சுக்குக் கதிர்க்குருவி இரை ஊட்டுவதைக் கண்டால் திகைக்க வேண்டாம். சாம்பல் வயிற்றுக் குயில் இந்தக் குருவிகளின் கூட்டில் முட்டையிடும் இனம். அது இயற்கையின் நெடுநாள் ஏற்பாடு. குயில் குஞ்சை அகற்றிக் கதிர்க்குருவிக்கு உதவ முனையக் கூடாது.

நிலம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை

மானாவாரி நிலத்தைச் சுத்தம் செய்வது என்றால் வரப்புப் புதரை வேரோடு எடுத்து, புல்லுக்குத் தீயிடுவது என்று ஆகிவிட்டது. கதிர்க்குருவியின் இரையில் பெரும்பகுதி பயிரைத் தின்னும் புழு, வெட்டுக்கிளி, வண்டு முதலியவை என்பதால், வரப்பில் நிற்கும் ஆவாரமும் இலந்தையும் பயிருக்குப் பகையல்ல. வெட்ட வேண்டியிருந்தால், எல்லா வரப்பையும் ஒரே வாரத்தில் வெட்டாமல், இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம் என்று மாற்றி வெட்டலாம். மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும் வாரங்களில் கைவைக்காமல், நிலம் நன்றாகக் காய்ந்த பின், புதர் உச்சியில் பாட்டு அடங்கிவிட்டதா என்று இரண்டு காலை கவனித்துவிட்டு வெட்டுவது நல்லது. கம்பு, சோளம், குதிரைவாலி அறுக்கும்போது கூடு தென்பட்டால் அதைச் சுற்றி இரண்டு முழம் பயிரை நிற்க விடுங்கள். குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்தால் அந்தக் கதிரும் வீணாகாது.

சீமைக்கருவேலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது பல கண்மாய்களில் இயந்திரங்கள் இறங்கின. சீமைக்கருவேலம் நம் மண்ணுக்கு உரியதன்று, நாட்டுச் செடிகளை நெருக்கி அழிப்பது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மண் அள்ளும் இயந்திரம் சீமைக்கருவேலத்தையும் சங்கஞ்செடியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நாட்டுப் புதரும் சேர்ந்தே போகிறது. வெட்டுவதற்கு முன் ஊரில் செடிகளை அறிந்த ஒருவர் நடந்து சென்று, விட வேண்டிய நாட்டுப் புதர்களில் துணி கட்டிவைத்தால் இதைத் தவிர்க்கலாம். சீமைக்கருவேலத்தையும் ஒரே மூச்சில் எடுக்காமல் பகுதி பகுதியாக எடுத்து, காலியான இடத்தில் ஆவாரம் விதையைத் தூவி, இலந்தை, உடை, நொச்சி ஆகியவற்றை நட்டு, அவை தலையெடுத்த பின் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். ஆவாரம் இரண்டு மழையில் புதராகிவிடும். ஆடும் அதை அதிகம் கடிக்காது.

குறிப்பு எடுப்பது

பார்த்த இடம், நாள், நேரம், இனம், எண்ணிக்கை ஆகியவற்றோடு, பறவை எந்தச் செடியில் இருந்தது, வாயில் என்ன இருந்தது, கடைசியாக மழை எப்போது பெய்தது என்பவற்றையும் எழுதுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஐயம் இருந்தால் ‘கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதில் குறை ஒன்றுமில்லை. சாதாக் கதிர்க்குருவியையும் காட்டுக் கதிர்க்குருவியையும் குரல் கேட்காமல் பிரித்து எழுதிய பதிவை விட அதுவே பயனுள்ளது.

இந்தக் குறிப்புகளை, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இணையதளமான இ-பேர்ட் தளத்தில் பதிவேற்றலாம். ஒவ்வோர் ஆண்டும் தை மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள இதே தளம்தான் வழி. ஓரிடத்தில் நின்று குறைந்தது பதினைந்து நிமிடம் கண்டதையும் கேட்டதையும் எண்ணிப் பட்டியலிட்டால் போதும். கண்மாயின் நீர்ப்பறவைகளை எண்ணி முடித்ததும் பட்டியலை மூடிவிடாமல், கரையின் மறுபக்கம் இறங்கிப் புதரோரத்தில் இன்னொரு பதினைந்து நிமிடம் நின்று தனிப்பட்டியல் இடுங்கள். கூடு கட்டுவதற்கான அடையாளம் கண்டால் அதற்குரிய குறியீட்டையும் அந்தத் தளத்தில் சேர்க்கலாம். ஆனால் கூடு இருக்கும் சரியான புள்ளியைக் குறிப்பிடாமல் ஊரின் பெயரையோ கண்மாயின் பெயரையோ மட்டும் இட வேண்டும்.